ஓங்கு, அடிக்காதே

நூற்று எழுபத்து மூன்று கட்டங்கள்
எனக்கு வேலை இல்லை.
பெரிய டிரம்முக்குப் பின்னால் நின்று
விரல் மடக்கி எண்ணுவதுதான் என் பாகம்.
கல்யாண மண்டபங்களில் நாலு மணி நேரம்
நிறுத்தாமல் அடித்துப் பழகியவன்.
இது சம்பளமா தண்டனையா என்று
முதல் ஒத்திகையில் கேட்டேன்.
பியூலா சிரிக்கவில்லை.
"எண்ணுங்க சேவுகன். எண்ணிக்கை தப்பினா
எல்லாம் போச்சு."

மேலூர்ப் பக்கத்து மலை அது.
இப்போது பச்சைத் தண்ணீர் நிற்கிற பள்ளம்.
ஒரு காதுகுத்துப் படத்தில்,
மாமன் மடி, அழுகிற பிள்ளை, கிடா,
எல்லாவற்றுக்கும் பின்னால்
முழுசாக நின்றுகொண்டிருந்தது.
மெல்லிய தாளை அதன்மேல் வைத்து
மலையின் விளிம்பை மட்டும் கோடாக இழுத்து
ஐந்து கோடுகளுக்கு நடுவே கிடத்தினாள்.
உச்சிப்பாறை பிக்கலோவுக்கு.
புளியமரச் சரிவு டபுள்பேஸுக்கு.
நாற்பத்தொரு பேர் ஒரே மூச்சில்
ஒரு மலையை எழுப்புகிறோம்.

பிறகு ஒவ்வொருவராக நிறுத்துகிறோம்.
பதினேழில் ஓபோ.
இருபத்திரண்டில் இரண்டு செல்லோ.
யார் எப்போது போவது என்பது அவள் முடிவில்லை;
எங்கிருந்தோ கிடைத்த
லாரி நடைப் பதிவேட்டின் முடிவு.
மழைக்காலத்தில் யாரும் போவதில்லை.
பங்குனியில் வயலின்கள் கொத்தாகப் போகும்.

போனவர்கள் வில்லை இறக்கக் கூடாது.
இறக்கினால் ஓய்வாகிவிடுமாம்.
"தோள் வலிக்குது மேடம்" என்றார் இன்பநாதன்.
"அதையும் எழுதியிருக்கேன்" என்றாள்.
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
எங்கும் இல்லை.

சோக ராகம் எதுவும் வேண்டாம் என்றாள்.
ஒப்பாரிக்கு ஆள் இருக்கு,
கணக்குக்குத்தான் ஆள் இல்லை.

அழகர்கோவில் சாலைக் கல்லூரி அரங்கு.
வெள்ளையில் சாம்பல் ரேகை ஓடும்
கிரானைட் தரை.
செல்லோவின் கால் வழுக்க வழுக்க
கயிற்று மிதியடி வாங்கி வந்து போட்டோம்.
இதே மலைதானா என்று அலுவலகத்தில் விசாரித்தாள்.
பில் தொலைந்துவிட்டதாம்.

நூற்று எழுபத்து நாலாவது கட்டத்தில்
அவள் கையெழுத்தில்:
ஓங்கு. அடிக்காதே. ஒன்பது வினாடி.
"ஒரு அடி அடிச்சா கைதட்டிருவாங்க,
எஃபெக்ட் நல்லாருக்குன்னு
சொல்லிட்டுப் போயிருவாங்க.
வெடிச் சத்தம் நம்ம கிட்ட இல்ல சேவுகன்.
இருக்கிற மாதிரி நடிக்க வேண்டாம்."

அன்று மாலை
முதல் மூன்று வரிசையில் அந்த ஊர்க்காரர்கள்.
வேனில் அழைத்து வந்திருந்தார்கள்.
மலை எழுந்தது. கரைந்தது.
ஜெனரேட்டர் சத்தம் கேட்கும் அளவுக்குக் கரைந்தது.
நூற்று எழுபத்து ஒன்று.
இரண்டு.
மூன்று.
ஓங்கினேன்.

நகரம் செல்போனைத் தூக்கியது.
முதல் மூன்று வரிசை
காதைப் பொத்திக்கொண்டது.
ஒருவருக்கொருவர் பார்க்காமல்,
சொல்லிவைத்தாற்போல்,
பெரிய ஆம்பிளைகள்கூட.
ஒருத்தி மடிப்பிள்ளையின் இரண்டு காதையும்
தன் உள்ளங்கைகளால் மூடினாள்.
அவள் காதுகள் திறந்தே கிடந்தன.

ஆறு வினாடி வரை எண்ணினேன்.
அப்புறம் எனக்குத் தெரியாது.
பியூலா முதுகைக் காட்டி நின்றதால்
இதை அவள் பார்க்கவே இல்லை.

கடைசியில் ஒற்றை வயோலா,
பள்ளத்துத் தண்ணீர் மாதிரி
அசையாத ஒரு சுரம்.

வெளியே டீ கொடுத்த இடத்தில்
அந்தப் பெண் வந்தாள்.
"ஏன் அடிக்கல?"
கோபமில்லை. பஸ் ஏன் வரவில்லை என்பதுபோல.
"அப்படித்தான் எழுதியிருந்துச்சு."
"எங்ககிட்ட சொல்லிருக்கலாம்ல.
அம்புட்டு நேரமா
இவன் காதுல இருந்து கைய எடுக்கல நான்."

மறுநாள் திருமங்கலத்தில் ஒரு முகூர்த்தம்.
கெட்டிமேளம் என்று குரல் வந்ததும்
பாண்டு முழுக்க முழங்கியது.
என் கை மட்டும் மேலே போய்
அங்கேயே நின்றது.
பெண்ணின் அப்பா கிட்டே வந்து
மெதுவாகக் கேட்டார்,
"என்ன தம்பி, சுளுக்கா?"